முழங்கால் பாட்டுக்குப் பூட்டு

போன இதழைப் பக்கத்து வீட்டுக்காரர் இரவல் வாங்கிக்கொண்டு போய் இன்னும் திருப்பித் தராமல் இருந்தால், அவர்களுக்காக மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டுப் போட்டு உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிறவள் நம் டீச்சர். அவள் வகுப்பு நடத்தின ஹால் கணவர் பேரில் வாடகைக்கு எடுத்தது. வீடு, கரண்டு, போன், வண்டி எல்லாமே அவர் பேரில்தான். 'எல்லாம் என் பேர்லயே இருக்கட்டும், உனக்கு எதுக்குத் தலைவலி' என்பது கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் சொல்லிவருகிற ஒரே காதல் வசனம். அந்த ஹாலை அவளை ஒரு வார்த்தை கேட்காமல் காலி செய்துவிட்டு, வந்து சாப்பாடு போடச் சொன்னார். போட்டாள். மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

போன வாரக் கடைசியில் அவர் போனில், 'என் பேர்ல இருக்கறதையெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துக்கறேன், அப்பத்தான் உனக்குப் புரியும்' என்றார். இவள் போனை வைத்துவிட்டாள். அங்கேதான் நாம் விட்டோம்.

இன்றைக்கு விடிந்ததும் எடுத்துவிட்டார் போலிருக்கிறது.

அண்ணன் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கீழே கடை, மேலே வீடு என்பார்கள். உண்மையில் மேலேயும் கடைதான். கூட்டங்களுக்கு ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவன். அவன் குரலுக்கு மைக்கே தேவையில்லை என்பதால் தொழில் வட்டாரத்தில் பெயர் ஆம்ப்ளி. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். கல்யாணம் பண்ணிக்கொள்ளாததற்கு அவன் சொல்லும் காரணம், ஸ்பீக்கர் வைக்கவே வீட்டில் இடம் போதவில்லை என்பது. தங்கையும் மருமகளும் வந்த அன்று இரண்டு பெரிய பெட்டிகளை மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டு, இடம் பண்ணிக் கொடுத்தான்.

அந்த அறையின் நடுவில் பாய் விரித்து டீச்சர் கையை நீட்டி நின்றாள். சாயங்காலம் நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் வகுப்பு. இதயத்தில் ஆபரேஷன் முடிந்து தேறி வருகிறவர்களுக்குப் பாட்டோடு மெல்லப் பயிற்சி கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு தடவை நடத்திக் காட்டச் சொல்லியிருந்தார்கள். பிடித்துப்போனால் வேலை நிரந்தரம். தனியாக ஒரு வீடு எடுத்துக்கொண்டு, மகளோடு யாருக்கும் பாரமில்லாமல் இருக்கலாம். பிடிக்காவிட்டால் வேறு வழி எதுவும் கண்ணுக்கு எட்டின தூரத்தில் இல்லை. எல்லாரும் சொல்கிற மாதிரி 'அட்ஜஸ்ட்' பண்ணிக்கொண்டு அந்த வீட்டுக்கே திரும்பிப் போக வேண்டியதுதான்.

போனில் பாட்டைத் தொட்டாள். வரவில்லை.

இன்னொன்றைத் தொட்டாள். அதுவும் வரவில்லை. பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பூட்டுப் படம் வந்து நின்றது. கீழே ஒரு வரி: இந்தக் கருவியில் இந்தப் பாடலைக் கேட்க அனுமதி இல்லை. வரிசையாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். வரிசையாகப் பூட்டு.

பாயில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மகள் அப்போதுதான் அப்பா வீட்டிலிருந்து வந்து பையை இறக்கிக்கொண்டிருந்தாள். கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறவள். வாரத்தில் ஒரு ராத்திரி அங்கே போய்த் தங்கிவருவது என்று ஏற்பாடு. அம்மா நீட்டிய போனை வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கணக்கோட பாஸ்வேர்டு மாறியிருக்கும்மா" என்றாள். "எல்லா போன்லேர்ந்தும் வெளிய தள்ளிடுச்சு. புது பாஸ்வேர்டு போட்டாத்தான் திறக்கும்."

"இது நாம காசு குடுத்து வாங்கின பாட்டுடி."

"வாங்கினது பாட்டு இல்லம்மா. கேக்கறதுக்கு அனுமதி. அந்த அனுமதி அப்பா கணக்குல இருக்கு."

வாங்கினது என்று டீச்சர் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இத்தனை வருஷம் அவள் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுத்த காசு. அவர் கார்டில் போட்டு அவர் கணக்கில் இறக்கிக் கொடுத்தார். அன்றைக்குக் கூட, 'என் பேர்லயே இருக்கட்டும்' என்றுதான் சொன்னார். அவளும் அதை அக்கறை என்று நினைத்தாள். எனக்கு அந்த மனிதர் மேல் ஏற்கெனவே நல்ல கோபம் இருக்கிறது; வாசகர்கள் எழுதுகிற கடிதங்களைப் பார்த்தால் உங்களுக்கும் இருக்கிறது. இந்த வாரம் கொஞ்சம் அடக்கிக்கொள்வோம். காரணம் பிறகு தெரியும்.

விஷயம் கேள்விப்பட்டதும் ஆம்ப்ளி சிரித்தான். அவனுடைய தொழிலில் எந்தப் பாட்டையும் ஒரே இடத்தில் வைத்திருப்பது பாவம். தங்கையின் பாட்டுகளை எல்லாம் போன வாரமே ஏழு பென்டிரைவில் போட்டு, ஒன்றைச் சட்டைப்பையில், ஒன்றை வேனில், ஒன்றை அரிசி டப்பாவில் என்று ஏழு இடத்தில் பத்திரப்படுத்தியிருந்தான். மச்சான் தலைகீழாக நின்றாலும் இந்த ஏழையும் ஒன்றும் பண்ண முடியாது என்று சொல்லிக்கொண்டே முதல் பென்டிரைவைச் செருகினான்.

பூட்டு.

ஏழையும் செருகிப் பார்த்தான். அரிசி டப்பாவிலிருந்து எடுத்ததை ஊதிவிட்டுச் செருகினான். ஒன்றும் பாடவில்லை. அண்ணன் முகத்தைப் பார்க்க டீச்சருக்கே பாவமாக இருந்தது.

மகள் மெதுவாக, அப்பாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டால் என்ன என்றாள். ஒரே ஒரு வார்த்தைதான், பாஸ்வேர்டைச் சொன்னால் எல்லாம் திறந்துவிடும் என்றாள். கோபத்தில் ஏதாவது செய்திருப்பார், அம்மாவே பேசினால் இளகிவிடுவார் என்றாள். அவள் அம்மா பக்கம் பார்க்காமல் பையின் ஜிப்பை இழுத்துத் திறந்து மூடிக்கொண்டே பேசினாள்.

"கேக்க மாட்டேன்" என்றாள் டீச்சர்.

ஒற்றைக்காலில் நிற்பது என்று பேச்சுக்குச் சொல்வார்கள். டீச்சருக்கு அது தொழில். நின்றால் கால் நடுங்காது.

ஆம்ப்ளி இன்னொரு வழி சொன்னான். அவனுக்குத் தெரிந்த மைக் செட்காரர்கள் நாலு பேரைக் கேட்டால் போதும், உலகத்தில் இருக்கிற எல்லாப் பாட்டும் யாரிடமாவது இருக்கும், காப்பி அடித்துக்கொண்டு வந்துவிடலாம் என்றான். எங்கேயிருந்து வந்தது என்று எவனும் கேட்கப் போவதில்லை. டீச்சர் அதற்கும் தலையாட்டவில்லை. திருட்டுப் பாட்டுக்கு ஆடி வாங்குகிற வேலை தனக்கு வேண்டாம் என்றாள். பாடினவர்களுக்குக் காசு போக வேண்டும், நாளைக்கு யாராவது ரசீது எங்கே என்று கேட்டால் எடுத்து நீட்ட வேண்டும்.

"அப்ப என்னதான் பண்ணப் போறே?"

"வாங்கப் போறேன். என் பேர்ல."

மகள் மடிக்கணினியைத் திறந்தாள். பாட்டு விற்கிற கடையில் டீச்சர் பேரில் புதுக் கணக்கு. பெயர், பிறந்த தேதி எல்லாவற்றையும் டீச்சரே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். போன மாதம் அவள் பேரில் திறந்த வங்கிக் கணக்கின் கார்டு இன்னும் உறையைவிட்டு வெளியே வந்ததில்லை. அதை உரித்து எடுத்தாள்.

அடுத்தது என்னென்ன பாட்டு என்ற கேள்வி. இங்கேதான் வேடிக்கை. டீச்சருக்கு ஒரு பாட்டின் பெயரும் தெரியாது. அவள் வகுப்பில் பாட்டுகளுக்கு உடம்புதான் பெயர். தோள்பட்டைப் பாட்டு, இடுப்புப் பாட்டு, குதிகால் பாட்டு. 'அடுத்தது முழங்கால்' என்றால் இருபது பெண்களுக்கும் எந்தப் பாட்டு என்று தெரியும்; பாடினவர் வந்து கேட்டால் திருதிருவென்று விழிப்பார். ஆம்ப்ளி உதவி செய்கிறேன் என்று தன் போனில் 'முழங்கால் பாட்டு' என்று தேடினான். முழங்கால் வலிக்கு ஒரு தைலம் வந்தது. வாங்கலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தான்.

மகளுக்குத்தான் எல்லாப் பெயரும் தெரியும். வகுப்பின் மூலையில் பாயில் தூங்கி, அங்கேயே வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள். அம்மா தோளை ஆட்டிக் காட்டினால் பாட்டின் பெயர், பாடினவர், எந்தத் தொகுப்பு எல்லாவற்றையும் சொன்னாள். அவள் விரல் மட்டும் இன்றைக்குத் தடுமாறியது. 'அம்மா' என்று ஒரு தடவை ஆரம்பித்து நிறுத்தினாள். அப்பாவுக்காகப் பரிந்து பேசப் போகிறாள் என்று நினைத்து டீச்சர், அடுத்தது குதிகால் என்றாள்.

முதல் பாட்டு திரையில் வந்தது. பக்கத்தில் இரண்டு விலை.

"இது குறைச்சல், ஆனா பூட்டு உண்டு" என்று மகள் படித்துச் சொன்னாள். "உன் கணக்கு இருக்கற போன்ல மட்டும்தான் பாடும். இதுல பூட்டு கிடையாது. எதுல வேணா போட்டுக் கேக்கலாம். இதுக்குக் கொஞ்சம் கூட."

ஆம்ப்ளிக்கு இது சுத்தமாகப் பிடிபடவில்லை. பீரோ வாங்கப் போனால் பூட்டு வைத்த பீரோவுக்குத்தான் விலை அதிகம். பூட்டே போடாததற்கு எவனாவது கூடக் கேட்பானா, இது என்ன ஊரில் இல்லாத நியாயம் என்றான். அவனுக்கு வாடகை வரவேண்டிய இடத்திலெல்லாம் இழுத்துக்கொண்டிருந்த மாதம் அது. குறைந்த விலையில் எடு, இன்றைக்கு வேலை முடியட்டும், பூட்டோ சாவியோ உன் பேரில்தானே இருக்கப்போகிறது என்று அவன் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

டீச்சர் கொஞ்ச நேரம் அந்த இரண்டு விலையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். புது ஷூ வாங்க எடுத்து வைத்திருந்த காசுதான் கையில் இருந்தது. பழைய ஷூவின் முன்பக்கம் வாயைப் பிளந்து கிடந்தது.

"நான் கூடக் குடுக்கறது பூட்டு போடாததுக்கு இல்லண்ணா" என்றாள். "நாளைக்கு யாரையும் கேக்காம இருக்கறதுக்கு. பூட்டு என் பேர்ல இருந்தாலும் சாவி அந்தக் கடைக்காரன்கிட்டதானே இருக்கு? இன்னொருத்தர் சாவியை நம்பி இருந்ததெல்லாம் போதும்."

ஆம்ப்ளி எழுந்து போய்ப் பிய்ந்த ஷூவைக் கையில் எடுத்தான். ஸ்பீக்கருக்குள் இருக்கிற காகிதக் கூம்பு கிழிந்தால் ஒட்டுகிற பசை அவனிடம் டப்பா டப்பாவாக உண்டு. அதைத் தடவி, இரண்டு பக்கமும் மரக்கட்டை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு, சாயங்காலம் வரைக்கும் தொடாதே என்றான்.

ஒவ்வொரு பாட்டாக வந்து இறங்கியது. ஒவ்வொன்றையும் பென்டிரைவில் போட்டு, கடையில் இருந்த மூன்று பழைய பெட்டிகளில் செருகிப் பார்த்தார்கள். மூன்றிலும் பாடியது. டீச்சர் வாய்விட்டுச் சிரித்தது அந்த வீட்டுக்கு வந்தபிறகு அன்றைக்குத்தான்.

கடைசிப் பாட்டில் மாட்டிக்கொண்டார்கள்.

அதற்கு மூச்சுப் பாட்டு என்று பெயர். எல்லாப் பயிற்சியும் முடிந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்து விடுகிறபோது போடுவது. வாத்தியம் மட்டும்தான், வார்த்தை கிடையாது. டீச்சரின் வகுப்பே அதில்தான் முடியும். அதற்கு ஒரே விலைதான் போட்டிருந்தது. பூட்டோடு. பூட்டில்லாமல் விற்பதில்லை.

மகள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஒரே ஒரு பாட்டுதானே, பூட்டு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், போனில் வைத்துப் போட்டுவிடலாம் என்றான் ஆம்ப்ளி.

"வேணாம். பூட்டினது ஒண்ணுகூட வேணாம்."

"அப்ப கடைசியில என்ன பண்ணுவே?"

"தெரியல. நாலு மணிக்குள்ள தெரிஞ்சுரும்."

ஆஸ்பத்திரியின் அந்தப் பகுதியில் தரை வழுக்கும் அளவுக்குத் துடைத்திருந்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு முன்னால் காவலாளி ஒரு தட்டை நீட்டினார். உள்ளே இருப்பவர்கள் நெஞ்சில் ஒயர் ஒட்டியிருக்கும், அதனால் போன் எதுவும் உள்ளே போகக் கூடாது. மூன்று பேர் போனும் தட்டில் விழுந்தது. மகளை வெளியில் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். ஆம்ப்ளிக்கு மட்டும், பாட்டுப் பெட்டியைப் பார்த்துக்கொள்கிறவன் என்று அனுமதி கிடைத்தது.

அங்கே பயிற்சிப் பிரிவைக் கவனிக்கிற பிசியோ மேடத்தைப் பற்றி டீச்சருக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். ரொம்பக் கறார். சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்பது போல ஒரு முகம். சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாற்காலிகளில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் சட்டைக்குள்ளிருந்தும் ஒரு ஒயர் வெளியே வந்து, பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டிக்குப் போனது; அதன் திரையில் இதயத் துடிப்பு கோடு கோடாக ஓடிக்கொண்டிருந்தது.

சுவரில் பழைய பாட்டுப் பெட்டி. ஆம்ப்ளி பென்டிரைவைச் செருகிவிட்டு, தங்கையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தோள்பட்டைப் பாட்டு வந்தது.

அதற்கப்புறம் டீச்சருக்கு எதுவும் தெரியவில்லை. வேலை தெரிந்தவளுக்கு வேலை வந்துவிட்டால் வேறு என்ன தெரியும்? கையைத் தூக்குங்கள், இறக்குங்கள், வலித்தால் நிறுத்துங்கள் என்றாள். முன் வரிசையில் பெரிய உடம்போடு ஒரு லாரி டிரைவர். ஆபரேஷனுக்கு அப்புறம் கையைத் தூக்கினால் தையல் பிரிந்துவிடும் என்று பயந்து, உடம்போடு ஒட்டியே வைத்திருந்தார். டீச்சர் அவருக்கு முன்னால் வந்து நின்று, ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கச் சொன்னாள். பிடித்தார். வளைவில் திருப்பச் சொன்னாள். திருப்பினார். இடுப்புப் பாட்டு முடிவதற்குள் அந்த மனிதர் மலைப்பாதையே ஏறிவிட்டார். குதிகால் பாட்டில், பசை போட்ட ஷூவும் பிரியாமல் தாங்கியது.

பென்டிரைவில் இருந்த கடைசிப் பாட்டு முடிந்ததும் பெட்டி நின்றது. அறை சட்டென்று அமைதியாகிவிட்டது. பிசியோ மேடம் பாட்டுப் பெட்டியைப் பார்த்தார். அவ்வளவுதானா என்பது போல.

"கண்ணை மூடிக்கோங்க" என்றாள் டீச்சர். "இதுக்குப் பாட்டு கிடையாது. உங்க மூச்சுதான். அதைக் கேளுங்க. இழுங்க."

எட்டுப் பேரும் இழுத்தார்கள். விட்டார்கள். முதலில் கோணல்மாணலாக இருந்தது. பிறகு ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. லாரி டிரைவரின் மூச்சு கரகரவென்று வந்து, மெல்ல மெல்லச் சீரானது. டீச்சரும் கண்ணை மூடியிருந்தாள். மூச்சுப் பாட்டு இல்லாமல் வகுப்பை முடிக்கவே முடியாது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். முடிகிறதே என்று நினைத்தபோது மூடின கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிசியோ மேடம் ஒவ்வொரு பெட்டியாகப் போய்க் கோடுகளைப் பார்த்துவிட்டு வந்தார். கடைசியில் பாட்டை நிறுத்தியது நல்ல யோசனை, யாருக்கு மூச்சு திணறுகிறது என்று காதாலேயே கேட்க முடிந்தது என்றார். அது யோசனை இல்லை, இல்லாத குறை என்று டீச்சர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடமும் அது இல்லை.

"வர்ற திங்கள்லேர்ந்து வந்துடுங்க" என்றார் மேடம். "பாட்டு எல்லாம் உங்களதுதானே? நிர்வாகத்துல கேப்பாங்க."

"என்னுதுதான்" என்றாள் டீச்சர். இந்த ஒரு வார்த்தைப் பதிலை அவள் இதுவரைக்கும் எதைப் பற்றியும் சொன்னதில்லை.

அதை இங்கேயே காப்பி எடுத்து வைத்துக்கொள்ளலாமா, மற்ற வகுப்புகளுக்கும் ஆகுமே என்று மேடம் கேட்டார். பூட்டுத்தான் இல்லையே. ஆம்ப்ளி தாராளமாகக் கையை நீட்டப் போனான். டீச்சர் அவன் கையைத் தடுத்து, இது தனக்கு விற்றது, பூட்டில்லை என்பதற்காக அள்ளிக் கொடுக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்கென்று வாங்கிக்கொள்ளுங்கள், எங்கே கிடைக்கும் என்று எழுதித் தருகிறேன் என்றாள். மேடத்தின் முகத்தில் முதல் தடவையாக ஏதோ சிரிப்பு மாதிரி வந்தது. சம்பளத்தில் பிடிக்க மாட்டார்கள் போலிருக்கிறது.

திரும்பி வரும்போது வேனில் ஆம்ப்ளி திடீரென்று பிரேக்கை மிதித்துவிட்டு, பின்னால் வந்தவன் ஹாரனை அடிக்க, மறுபடி ஓட்டினான்.

"ஏய், பென்டிரைவுக்கு ஏது பாஸ்வேர்டு?" என்றான். "கணக்கு இல்லாத பெட்டியில பூட்டின பாட்டு பாடாதே; அந்த ஏழும் முதல்லேர்ந்தே பாடியிருக்காது. நான்தான் காப்பி ஆச்சுன்னு பச்சைக் கோடு வந்ததும் எடுத்து வச்சிட்டேன், ஒண்ணைக்கூடப் போட்டுக் கேக்கல. இன்னிக்குக் காலையில மச்சான் பூட்டாம இருந்திருந்தா, அங்க வந்து போனையும் குடுத்துட்டு, ஏழு செத்த பென்டிரைவோட முழிச்சிருப்போம்."

டீச்சர் யோசித்துப் பார்த்தாள். உண்மைதான். அவர் கெடுக்க நினைத்ததே நல்லதாகப் போயிற்று என்று சொல்லிச் சிரித்தாள். ஆம்ப்ளியும் சிரித்தான். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த மகள் சிரிக்கவில்லை. களைப்பு என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து கடையின் ஷட்டரை உள்பக்கமாகப் பூட்டிவிட்டு மேலே ஏறினார்கள். டீச்சர் டீ போட்டாள். மூன்று பேரும் ஆளுக்கொரு ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்து குடித்தார்கள். வாடகை வீடு பார்க்க யாரைக் கேட்கலாம் என்று ஆம்ப்ளி பெயர்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது டீச்சரின் போன் அடித்தது.

அவர்.

எடுக்காதே என்று ஆம்ப்ளி கையைக் காட்டினான். டீச்சர் எடுத்தாள். இன்றைக்கு எடுக்கலாம். நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு எடுக்கலாம்.

அவர் குரல், வழக்கமான அதிகாரம் இல்லாமல் வந்தது.

"என் போன்ல பாட்டு எதுவும் திறக்க மாட்டேங்குது. பாஸ்வேர்டு தப்புன்னு சொல்லுது. நீ ஏதாவது மாத்தினியா?"

டீச்சருக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. அவள் கண் தானாக மகள் பக்கம் போனது. மகள் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். காதுவரை சிவந்திருந்தது.

"நான் மாத்தல" என்றாள் டீச்சர் போனில். "நீங்கதான்னு நினைச்சேன்."

"நான் எதுக்கு மாத்தப் போறேன்?" என்றார். கோபத்தில் நாலு வார்த்தை சொன்னது வாஸ்தவம், செய்யவில்லை என்றார். பிறகு தயங்கித் தயங்கி, அவள் போனதிலிருந்து வேலைவிட்டு வந்ததும் அவளுடைய பாட்டைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறதாம். "அதுலயும் அந்த மூச்சுப் பாட்டு. அது இல்லாம ஒரு மாதிரி இருக்கு. உன்கிட்ட இருந்தா அனுப்பேன்."

அந்த மனிதருக்கு அவளுடைய பாட்டின் பெயர் தெரிந்திருக்கிறது! உங்களுக்கும் எனக்கும் தெரியாமல் போயிற்று பாருங்கள். டீச்சர் டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"என்கிட்ட இல்லீங்க. அது பூட்டில்லாம விக்கறதில்ல. பூட்டினதை நான் வாங்கல."

"அது இல்லாம எப்படி வகுப்பு எடுப்பே?"

"இல்லாமலே மூச்சு விட முடியுதுங்க. இன்னிக்கு விட்டுப் பார்த்தேன்."

அவர் போனை வைக்கவில்லை. டீச்சரே வைத்தாள்.

ஆம்ப்ளிக்கு அப்போதுதான் விளங்க ஆரம்பித்தது. மருமகளைப் பார்த்தான். அவள் அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். முந்தின நாள் ராத்திரி அப்பா பாட்டுக் கேட்டுவிட்டு அப்படியே சோபாவில் தூங்கிவிட்டாராம். காலையில் அவர் எழுந்திருப்பதற்கு முன்னால் அவர் போனை எடுத்து இவள்தான் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறாள். இரண்டு பேர் பாட்டும் நின்றுபோனால் யாராவது ஒருத்தர் போன் பண்ணித்தானே ஆகவேண்டும். ஒரு வார்த்தை பேசிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாளாம்.

"நீ கேக்கவே மாட்டேன்னுட்டியேம்மா" என்றாள்.

டீச்சருக்குக் கை ஓங்கிவிடுகிற அளவுக்குக் கோபம் வந்தது. அவளுடைய வாழ்க்கையே இன்றைக்கு நாலு மணியில் தொங்கிக்கொண்டிருந்தது, இவள் அதில் விளையாடியிருக்கிறாள். அதே விளையாட்டால்தான் பிழைத்தோம் என்பதும் அடுத்தாற்போல் ஞாபகம் வந்தது. திட்டுவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் மகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்காமல் முடிவெடுக்கிற இந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று யோசித்தாள். பதில் தெரிந்துதான் இருந்தது.

"உங்கப்பாவுக்கு நீயே போன் பண்ணு" என்றாள். "நீதான் மாத்தினேன்னு உன் வாயால சொல்லு. புது பாஸ்வேர்டையும் குடு. அது அவர் கணக்கு. எனக்கு வேணாம்."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்ப் பேசினாள். ரொம்ப மெல்லப் பேசினாள். பாதியில் நிறுத்தி, ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"அம்மா, அப்பா கீழதான் நிக்கறார். அப்பலேர்ந்தே கடை வாசல்லதான் நின்னு பேசியிருக்கார். ஷட்டரைத் திறக்கச் சொல்லி உன்கிட்ட கேக்கச் சொல்றார்."

ஆம்ப்ளி எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த சாவிக்கொத்தை எடுத்தான். அவன் முகத்தைப் பார்த்தால், திறக்க எடுத்தானா, ஒளித்துவைக்க எடுத்தானா என்று சொல்ல முடியவில்லை. தங்கையைப் பார்த்தான்.

டீச்சர் குனிந்து, தளர்ந்திருந்த ஷூ நாடாவை இறுக்கிக் கட்டினாள். கேட்கச் சொல்கிறார் என்ற வார்த்தை அவள் காதிலேயே நின்றது. பிறகு அண்ணன் கையிலிருந்து சாவியை வாங்கி மகளிடம் நீட்டினாள்.

"பூட்டினவளே போய்த் திறக்கட்டும்" என்றாள். "மேல வர்றதுக்கு முன்னாடி, இது என் அண்ணன் வீடு, இங்க எதுவும் அவர் பேர்ல இல்லன்னு ஞாபகப்படுத்து."

மகள் சாவிக்கொத்தோடு படியிறங்கினாள். கீழே ஷட்டர் ஏறுகிற சத்தம் கேட்டது.